ஷோகேஸுக்குள் இரைச்சல்

செப்டம்பர் 14, ஞாயிறு

இன்றிலிருந்து தேதி போட்டு எழுதுவதாக முடிவு செய்திருக்கிறேன். காரணம் தேன்மொழிதான். "நேத்தே சரி பண்ணிட்டேன்னு சொன்னீங்களே" என்று என் மனைவி கேட்கும்போதெல்லாம், நேற்று என்ன செய்தேன் என்பது எனக்கே நினைவில் இருப்பதில்லை. இனி நோட்டை எடுத்துக் காட்டிவிடலாம்.

பிரச்சினை எங்கள் ஹாலில், ஷோகேஸில், டிவிக்குக் கீழ்த்தட்டில் உட்கார்ந்திருக்கிறது. நானே பாகம் பாகமாக வாங்கிக் கட்டிய சின்ன கம்ப்யூட்டர். ஒரு கிலோ மைசூர்பாகு பெட்டி அளவுதான். உள்ளே ஐந்நூற்றுப் பத்து பழைய படங்கள். அப்பாவுக்காகக் கட்டினேன். ஜூன் மாதம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. கால் ஓரளவு தேறி, தடியூன்றி நடக்கிறார். வலது கை மடங்கியபடியே இருக்கிறது. பேச்சு போனது போனதுதான். வைத்திலிங்கம் என்றால் திருச்சியில் பாதிப் பேருக்குத் தெரியும். முப்பத்தொரு வருடம் இன்சூரன்ஸ் ஏஜென்ட். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் இறங்குவதற்குள் பாலிசிக்குக் கையெழுத்து வாங்கிவிடுவார். அவர் வாய் திறந்து மூன்று மாதம் ஆகிறது.

தேன்மொழி நர்ஸ். எப்போதும் இரவு டியூட்டி. காலையில் வந்து குளித்துச் சாப்பிட்டுப் பத்து மணிக்குப் படுத்தால் இரண்டரைக்கு எழுவாள். படுக்கையறைச் சுவருக்கு இந்தப் பக்கம்தான் ஷோகேஸ். நான் ஒரு பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப் பொறுப்பாளர், எட்டுக்குக் கிளம்பினால் ஐந்தரைக்குத்தான் வருவேன். சமைக்கிற ரெஜினாக்கா பத்தரைக்குப் போய்விடுவார். அதன்பிறகு ஹாலில் அப்பாவும் பெட்டியும்தான். அவள் தூக்கம் கெடக்கூடாது என்று டிவி சத்தத்தைப் பன்னிரண்டுக்கு மேல் ஏறாமல் பூட்டி வைத்திருக்கிறேன். டிவியைப் பூட்டலாம், ஃபேனை எப்படிப் பூட்டுவது?

பெட்டிக்குள் இருக்கும் குட்டி ஃபேன், டவுன் பஸ் பாலம் ஏறுகிற மாதிரி உறுமுகிறது. இன்றைய நிலவரம்: வெப்பம் 82 டிகிரி. செல்போனில் அளந்த சத்தம் 47 டெசிபல். மின்சாரம் 58 வாட். மூன்றையும் பாதியாக்காமல் விடுவதில்லை.

செப்டம்பர் 17, புதன்

சாயங்காலம் பெட்டியைப் பிரித்தேன். உள்ளே இரண்டு பல்லி முட்டை ஓடு, அரை டம்ளர் தூசி. பிராசசர் மேல் தடவியிருந்த பசை காய்ந்து பொருக்காகியிருந்தது. சுரண்டிவிட்டுப் புதுப் பசை தடவினேன். காற்று போக ஷோகேஸின் பின்பலகையில் இரண்டு பெரிய துளை போட்டேன். டியூட்டிக்குப் போகுமுன் தேன்மொழி ஒரு மணி நேரம் கண்ணயர்வாள் என்பது டிரில் மெஷினை அழுத்திய பிறகுதான் ஞாபகம் வந்தது.

74 டிகிரி. வீட்டுக்குள் நிலவும் வெப்பத்தை அளக்கக் கருவி இல்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

பழைய ஹார்டு டிஸ்க் எலி கொறிப்பது போல் கரகரத்துக்கொண்டிருந்தது. எடுத்துவிட்டு, சுழலாத புது டிஸ்க் போட்டேன். ஐந்நூற்றுப் பத்து படத்தையும் மாற்றப் பதினோரு மணி நேரம். அப்பா அதுவரை வெறும் டிவியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

நடுவில் தேன்மொழி வந்து நின்றாள். "டிவிக்குப் பின்னாடி சொருகுற குச்சி ஒண்ணு விக்கிதாமே. சத்தமே இல்லையாம். எங்க வார்டு ஆயா வீட்ல அதான் இருக்காம்." குச்சிக்கும் பெட்டிக்கும் உள்ள வித்தியாசத்தை அரை மணி நேரம் பொறுமையாக விளக்கினேன். பாதியில் தூங்கிப்போனாள். இந்த வாரத்தில் அவள் நிம்மதியாகத் தூங்கியது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

செப்டம்பர் 25, வியாழன்

பிராசசருக்குப் போகும் மின்சாரத்தை அமைப்புகளில் போய்க் குறைத்தேன். 58 வாட் 31 ஆனது. வெப்பம் 66. ஃபேன் முனகலோடு நிறுத்திக்கொண்டது. எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

மாலை வந்து பார்த்தால் டிவியில் நீலத் திரை. மின்சாரம் போதாமல் பெட்டி நின்றுபோயிருக்கிறது. எப்போது நின்றது என்று பார்த்தேன், காலை 11:20. ஆறு மணி நேரம் அப்பா அந்த நீலத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கதவைத் தட்டித் தேன்மொழியை எழுப்பியிருக்கலாம். செய்யவில்லை. இரண்டரைக்கு எழுந்த அவளுக்கும் பெட்டியை ஓடவைக்கத் தெரியவில்லையாம். படத்துக்கும் நீலத்துக்கும் வித்தியாசம் அப்பாவுக்குத் தெரிகிறதோ இல்லையோ, யாருக்குத் தெரியும்.

36 வாட்டுக்கு ஏற்றி வைத்தேன்.

செப்டம்பர் 27, சனி

பேச்சுப் பயிற்சிக்கு வரும் பெண் இன்றோடு நின்றுகொள்வதாகச் சொல்லிவிட்டார். இரண்டு மாதமாக அப்பா அவர் முன்னால் உதட்டைப் பிரித்ததே இல்லை. "புரியுதுங்க சார் அவருக்கு. முயற்சி பண்ணத்தான் மாட்டேங்கிறார்" என்றார். பயிற்சி நோட்டை டீப்பாய் மேல் வைத்துவிட்டுப் போனார். சம்பளம் வாங்கிய கடமைக்கு, புரிகிறது என்றுதான் சொல்வார்.

65 டிகிரி. 38 டெசிபல்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. காலையில் கல்லூரி லேபில் பூஜை, மாலையில் வீட்டில். கிரைண்டர், ஸ்கூட்டர், தேன்மொழியின் ஸ்டெதஸ்கோப், என் ஸ்க்ரூடிரைவர் செட், திறந்து வைத்த பெட்டி, எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். அப்பாவின் தடிக்கும் ஒரு பொட்டு வைத்தோம். வருடா வருடம் பாலிசி பாரம் கட்டைக் கொண்டுவந்து வைப்பார். இந்த வருடம் வைக்க ஒன்றுமில்லை.

அக்டோபர் 2, வியாழன்

புதிதாக ஒரு சத்தம். உறுமல் இல்லை, அதிர்வு. டர்ர்ர் என்று ஷோகேஸ் கண்ணாடி வரைக்கும் நடுங்குகிறது. நேற்று வரை இல்லை.

அக்டோபர் 4, சனி

மூன்று நாள் போய்விட்டது. நான்கு காலுக்கும் ரப்பர் வைத்தேன், திருகாணிகளை இறுக்கினேன், தளர்த்தினேன், மறுபடி இறுக்கினேன். தூசி தட்டும்போது பெட்டியைத் தட்டினீர்களா என்று ரெஜினாக்காவிடம் கேட்டேன். "அந்தப் பக்கமே நான் போறதில்ல தம்பி" என்றார். தேன்மொழியிடம் கேட்டேன். முறைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். கடைசியில் ஃபேனைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தேன். ஏழு இறகில் ஒன்றின் மேல் சந்தனப் பொட்டு. காய்ந்து, பட்டாணி அளவுக்குக் கட்டியாக. அந்த எடையில் சுழற்சியே கோணிவிட்டது.

பெட்டிக்குப் பொட்டு வைத்தது நான்தான். லேபில் நாற்பது மெஷினுக்கு வைத்துப் பழகிய கை, திறந்திருந்த ஃபேனைப் பார்த்ததும் தானாகப் போயிருக்கிறது. இதைத் தேன்மொழியிடம் சொல்லவில்லை. திருகாணி தளர்ந்திருந்தது என்று சொல்லி வைத்தேன்.

அக்டோபர் 11, இரண்டாம் சனி

வெற்றி. உள்ளங்கை அகலத்தில் ஒரு பெரிய அலுமினியத் தகட்டுக் கொத்தும், மெதுவாகச் சுற்றும் பெரிய ஃபேனும் வரவழைத்து மாட்டினேன். தகடே வெப்பத்தை இழுத்து வெளியே விட்டுவிடும். 65 டிகிரிக்கு மேல் போனால்தான் ஃபேன் சுற்றும், இல்லையென்றால் சும்மா நிற்கும். நாள் முழுக்க 52 டிகிரி. 19 வாட். சத்தம் என்று அளக்க ஒன்றுமே இல்லை. ஹாலில் நின்றால் தேன்மொழி உள்ளே புரண்டு படுப்பது கேட்கிறது.

மத்தியானம் சமையலறையில் நின்று அண்ணனோடு போனில் பேசினேன். கோயம்புத்தூரில் அவர் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லம் இருக்கிறதாம். டாக்டர், பிசியோ எல்லாம் உள்ளேயே. அப்பாவை அங்கே சேர்க்க வேண்டும் என்று திருமூர்த்தி அண்ணன் வற்புறுத்துகிறார். நவம்பர் 2-ஆம் தேதி காரோடு வருவதாகச் சொன்னார். நேரம் பார்த்து அப்பாவிடம் சொல்ல வேண்டும். தேன்மொழியிடமும்.

அப்பா இரவு சாப்பிடவில்லை. இட்லி மூன்றும் அப்படியே இருந்தது. வாயுத் தொல்லை போலிருக்கிறது.

அக்டோபர் 13, திங்கள்

பெட்டியின் வெப்பத்தை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பதிந்து வைக்க ஒரு புரோகிராம் போட்டிருந்தேன். மாலை வந்து பார்த்தால் வயிறு எரிந்தது. காலை 10:40 வரை 52. அங்கிருந்து ஏறி, 11:05-க்கு 70, 11:30-க்கு 84. பன்னிரண்டரைக்குப் பிறகு இறங்கி மறுபடி 52. அந்த நேரமெல்லாம் ஃபேன் முழு வேகத்தில் ஓடியிருக்கிறது. புது ஃபேன் பெரியது, அது கத்தினால் பழையதற்கு அண்ணன்.

வெயிலாக இருக்கலாம்.

அக்டோபர் 14, செவ்வாய்

இன்றும் 10:40. இன்றும் 84. வெயிலுக்கு இவ்வளவு நேரந்தவறாமை கிடையாது.

அக்டோபர் 16, வியாழன்

புதுப் பசையைச் சுரண்டிவிட்டு வேறு பசை தடவினேன். ஃபேன் வேகத்தை மாற்றி அமைத்தேன். எந்தப் படம் ஓடியது என்று பார்த்தேன், படத்துக்குப் படம் வேறுதான். எதுவும் ஒத்துவரவில்லை.

இதில் தேன்மொழி வேறு. ஒரு மாதமாக என் உயிரை எடுத்தவள், இன்று நான் ஸ்க்ரூடிரைவரை எடுத்ததும், "இருந்துட்டுப் போகட்டும் விடுங்க, எனக்கு ஒண்ணும் தொந்தரவு இல்ல" என்கிறாள். தொந்தரவு இல்லையாம். மூன்று பசை, இரண்டு ஃபேன், ஒரு டிஸ்க், பின்பலகையில் இரண்டு துளை. இப்போது தொந்தரவு இல்லையாம்.

அக்டோபர் 17, வெள்ளி

அப்பாவுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. இருமும்போது கரகரவென்று வருகிறது. தேன்மொழி வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கக் கொடுத்தாள். பேசாத மனிதருக்குத் தொண்டை ஏன் கட்ட வேண்டும்? பெட்டி விடும் சூட்டுக்காற்றாகத்தான் இருக்கும் என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு டம்ளரை வாங்கிக்கொண்டு போனாள்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. எல்லோரும் வீட்டில். பெட்டி நாள் முழுக்க 51 டிகிரி. யோக்கியன் மாதிரி உட்கார்ந்திருக்கிறது.

அக்டோபர் 21, செவ்வாய்

நான் லேபுக்குப் போனேன். 84.

அக்டோபர் 23, வியாழன்

துப்புக் கிடைத்துவிட்டது. பெட்டியின் மேல்மூடியிலிருக்கும் காற்றுத் துளைகளில் பச்சை நிறப் பஞ்சு நூல். யாரோ அதன் மேல் துணியைப் போட்டு மூடுகிறார்கள். தமிழ்நாட்டு வீடுகளில் இந்த வியாதி உண்டு. மிக்சிக்குச் சட்டை, ஃப்ரிட்ஜுக்குத் தொப்பி, டிவிக்குப் பாவாடை. தூசி படக்கூடாதாம். மூச்சுவிடும் மெஷினின் மூக்கைப் பொத்தினால் சூடாகாமல் என்ன செய்யும்?

ரெஜினாக்காவைக் கேட்டேன். கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

அக்டோபர் 25, சனி

ரெஜினாக்கா இரண்டு நாளாக வரவில்லை. சமையல் என் தலையில். நேற்று அவர் இல்லாத வீட்டிலும் 10:40-க்கு ஏறி 84-க்குப் போயிருக்கிறது. ஆக அவர் இல்லை. காலையில் அவர் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டேன். திங்களிலிருந்து வருகிறேன் என்றார். மிச்சமிருப்பது ஒரே ஆள்தான்.

தேன்மொழியிடம் கேட்டேன். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நான் விடவில்லை. உனக்காகத்தானே இத்தனையும் செய்கிறேன், நீயே துணியைப் போட்டு மூடினால் என்ன அர்த்தம் என்றேன்.

"எனக்காகச் செய்யல. அந்தப் பெட்டிகிட்ட உக்காந்தா மாமாகிட்ட உக்கார வேண்டியதில்ல. அதுக்குச் செய்யறீங்க" என்றாள்.

இதற்கும் வெப்பத்துக்கும் என்ன சம்பந்தம் என்று தெரியவில்லை.

அண்ணன் வரும் விஷயத்தையும் இந்தச் சண்டையிலேயே சொல்ல வேண்டியதாயிற்று. அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது போல் நின்றாள்.

அக்டோபர் 27, திங்கள்

85 டிகிரிக்கு மேல் போனால் என் செல்போனுக்குத் தகவல் வரும்படி செய்திருக்கிறேன். கையும் களவுமாகப் பிடிக்காமல் விடுவதில்லை.

அக்டோபர் 29, புதன்

11:10-க்குத் தகவல் வந்தது. 86 டிகிரி. தலைவலி என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். பதினைந்து நிமிடம். வழி முழுக்கத் தேன்மொழியிடம் என்னென்ன சொல்வது என்று சேர்த்துக்கொண்டே வந்தேன். சாவியைச் சத்தமில்லாமல் திருப்பினேன். சத்தமே போட்டிருந்தாலும் கேட்டிருக்காது, உள்ளே ஃபேன் அப்படிக் கத்திக்கொண்டிருந்தது.

படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. பெட்டியின் மேல் அப்பாவின் பச்சைத் துண்டு, நான்காக மடித்து, விளிம்பெல்லாம் செருகி. ஒற்றைக் கையால் அவ்வளவு நேர்த்தியாக மடிக்க முடியுமா என்று தெரியவில்லை. அப்பா ஷோகேஸைப் பிடித்துக்கொண்டு எனக்கு முதுகு காட்டி நின்றார். பயிற்சி நோட்டு டிவி முன்னால் விரித்திருந்தது. டிவியில் யாரோ சத்தமில்லாமல் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

"நா... நா வல்ல. நா வல்ல. நான்... வ... வல்ல."

நின்று, மூச்சு வாங்கி, இடது கையால் தாடையைப் பிடித்துத் தள்ளி, மறுபடி சொன்னார். பத்துப் பதினைந்து முறை இருக்கும். ஒருமுறை "வரல" என்று சரியாக வந்தது. உடனே அடுத்த முறை போய்விட்டது. தொடையில் ஓங்கி அறைந்துகொண்டார். பிறகு மறுபடி ஆரம்பித்தார்.

நான் உள்ளே போகவில்லை. கதவைச் சாத்திவிட்டுக் கீழே வந்து, பார்க்கிங்கில் ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்தேன். ஐந்தரை வரைக்கும் எங்கெங்கோ சுற்றினேன். வழக்கமான நேரத்துக்குக் காலிங் பெல்லை அடித்துவிட்டு வீட்டுக்குள் வந்தேன். துண்டு அப்பாவின் தோளில் இருந்தது. பெட்டி 52 டிகிரி.

வெட்கமாக இருக்கிறது. வேறு வார்த்தை தேடினேன், கிடைக்கவில்லை.

அக்டோபர் 30, வியாழன்

11-ஆம் தேதி எழுதியதை எடுத்துப் படித்தேன். அதில் ஒரு பொய் இருக்கிறது.

அண்ணன் வற்புறுத்தவில்லை. நான்தான் போன் செய்தேன். "என்னால முடியலண்ணே. நீங்க ஏதாவது வழி பண்ணுங்க" என்றேன். அவர் தயங்கினார். அப்போது நான் சொன்னது: "அவருக்கு ஒண்ணும் புரியறதில்ல, எங்க இருந்தாலும் ஒண்ணுதான்." இதைச் சமையலறையில் நின்று சொன்னேன். ஹால் ஐந்தடி தூரம். பெட்டி சத்தமே போடாத முதல் நாள் அது. அதற்கு முந்தைய நாள் பேசியிருந்தால் ஃபேன் சத்தத்தில் ஒரு வார்த்தை அவருக்குக் கேட்டிருக்காது.

அடுத்த திங்கள்கிழமை, நான் லேபுக்குப் போன முதல் நாளே, அவர் துண்டை எடுத்திருக்கிறார். யார் காதிலும் விழாமல் பேசிப் பார்க்க அவருக்கு ஓர் இரைச்சல் தேவைப்பட்டிருக்கிறது. டிவியைத்தான் நான் பூட்டிவிட்டேனே.

தேன்மொழியிடம் நான் பார்த்ததைச் சொன்னேன். அவளுக்கு 14-ஆம் தேதியே தெரியும். சத்தத்தில் விழித்துக் கதவைத் திறந்திருக்கிறாள். அப்பா பார்த்துவிட்டு, யாரிடமும் சொல்லாதே என்று கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார். ஒற்றைக் கையால். அதிலிருந்து அவள் அந்த இரைச்சலில் தூங்காமல் படுத்திருக்கிறாள்.

அண்ணனுக்குப் போன் செய்து வரவேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன் என்றேன். தேன்மொழி தடுத்தாள்.

"நீங்க தடுத்தா அது நீங்க சொன்னது. இன்னைக்கு வேணாம்பீங்க, அடுத்த மாசம் மறுபடி முடியலம்பீங்க. மாமா பதினஞ்சு நாளா எதுக்கு இந்தப் பாடு படறார்? அவர் சொல்லட்டும்."

சொல்ல வராவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். அவள் பையை எடுத்துக்கொண்டு டியூட்டிக்குக் கிளம்பினாள்.

அக்டோபர் 31, வெள்ளி

88 டிகிரி. இன்று ஒரு மணி நேரம் கூடுதல்.

நவம்பர் 2, ஞாயிறு

அண்ணன் பதினொன்றரைக்கு வந்தார். ஒரு டஜன் மலை வாழைப்பழம், அப்பாவுக்குப் புது வேட்டி. இல்லத்தின் படங்களைச் செல்போனில் காட்டினார். தோட்டம் இருக்கிறது, ஜன்னல் பெரிதாக இருக்கிறது. நல்ல இடம்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. அண்ணனையும் குறை சொல்ல முடியாது. நான் கேட்டேன், அவர் செய்தார்.

தேன்மொழி அப்பாவுக்குத் தலை வாரி, சட்டை போட்டு ஹாலில் உட்கார வைத்திருந்தாள். அண்ணன் அவர் முன்னால் ஸ்டூலைப் போட்டு, குழந்தையிடம் பேசுவது போல் ஒவ்வொரு வார்த்தையாக, "அப்பா. என்னோட. கோயம்புத்தூர். போலாமா?" என்றார்.

அப்பா வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார், தேன்மொழியைப் பார்த்தார், மூடிக்கொண்டார். ஹால் அவ்வளவு அமைதியாக இருந்தது. சுவர்க் கடிகாரம் கேட்கிறது, கீழ்வீட்டுக் குக்கர் கேட்கிறது. நான் ஒன்றரை மாதம் பாடுபட்டுக் கொண்டுவந்த அமைதி.

"பாத்தியா, நீ சொன்ன மாதிரிதான் இருக்கார்" என்று அண்ணன் மெதுவாகச் சொன்னார். மெதுவாகச் சொன்னதும் எல்லோருக்கும் கேட்டது.

நான் எழுந்தேன். அப்பாவின் தோளிலிருந்த துண்டை எடுத்தேன். மடித்துப் பெட்டியின் மேல் போட்டு, விளிம்பெல்லாம் செருகினேன். ஒரு படத்தை ஓடவிட்டேன். அண்ணன் திகைத்துப்போய், "டேய் குணா, என்னடா பண்ற?" என்றார். ஒரு நிமிஷம் இருங்கண்ணே என்றேன். ஒரு நிமிடத்தில் 52 டிகிரி 53 ஆனது. அது உறும இருபத்தைந்து நிமிடம் வேண்டும். என் பதிவிலேயே இருக்கிறது. சூடாகாதே சூடாகாதே என்று கெஞ்சியபோதெல்லாம் கொதித்த சனியன், இன்று சூடாகு என்றால் சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறது. ஃபேனைக் கையால் முழு வேகத்துக்கு ஏற்ற கீபோர்டை எடுத்தேன். பாட்டரி செத்திருந்தது. டிவி ரிமோட்டின் பாட்டரியைக் கழற்றினேன், அளவு வேறு. ஷோகேஸ் முன்னால் மண்டியிட்டு, கையில் நான்கு பாட்டரியோடு, அழுகை வரும் போலிருந்தது. அண்ணன் தேன்மொழியைப் பார்த்து, இவனுக்கு என்னாச்சு என்று கையை விரித்தார்.

தேன்மொழி சமையலறைக்குள் போனாள்.

அடுத்த நொடி மிக்சி. தேங்காய் இல்லை, மிளகாய் இல்லை, வெறும் ஜாரை மாட்டி மூன்றாம் நம்பருக்குத் திருப்பியிருக்கிறாள். வீடே அதிர்ந்தது. அண்ணன் காதைப் பொத்திக்கொண்டு ஏதோ கேட்டார், எனக்கு வாயசைவுதான் தெரிந்தது.

அப்பா இடது கையால் நாற்காலியை அழுத்தி எழுந்து நின்றார். அண்ணனின் முகத்துக்கு நேராக வாய் அசைந்தது. அண்ணன் கையை எடுத்துவிட்டு, "என்னப்பா?" என்று கத்தினார். அப்பா மறுபடி சொன்னார். அண்ணன் காதைக் கொண்டுபோய் வைத்தார். அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. ஜூனுக்குப் பிறகு அவர் முகத்தில் நான் கோபத்தைப் பார்த்ததில்லை. கழுத்து நரம்பு புடைக்க, மிக்சிக்கு மேலாகக் கத்தினார்.

"நான் வரல. நான்... இங்க..."

வெறும் ஜாரோடு எவ்வளவு நேரம் ஓடும்? மிக்சி சூடேறித் தானாகவே நின்றுவிட்டது.

"...இருக்கேன்."

அந்த ஒரு வார்த்தை மட்டும் அமைதியான ஹாலில் முழுதாக விழுந்தது. அது அப்பாவின் குரல்தான். கொஞ்சம் கரகரப்பு, கொஞ்சம் கோணல், ஆனால் அவர் குரல். அவரே அதைக் கேட்டுத் திடுக்கிட்டு வாயை மூடப் போனார். சமையலறை வாசலில் தேன்மொழி ஜாரைக் கையில் பிடித்தபடி நின்றாள். அப்பா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு எந்த இரைச்சலும் இல்லாமல், அண்ணனிடம், "இருக்கேன்டா" என்றார்.

அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே அப்பாவின் மடங்கிய கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அறுபதை நெருங்கும் மனிதர். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, இல்லத்துக்குப் போன் செய்து சொல்லிவிட்டு வருகிறேன் என்று கீழே காருக்குப் போனார். தேன்மொழி சமையலறைக்குள் திரும்பினாள். மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

ஹாலில் நானும் அப்பாவும். நான் போய்த் துண்டை எடுத்து அவர் தோளில் போட்டேன். அவர் என் சட்டைப் பையைத் தொட்டார். உள்ளே செல்போன். பிறகு தன் காதைத் தொட்டார்.

"கே... கேட்டுச்சு" என்றார்.

தெரியும் என்று தலையாட்டினேன். நான் அவருக்கு எதிரில் கீழே உட்கார்ந்தேன். "மன்னிச்சிருங்கப்பா" என்றேன். சொல்லும்போது எனக்கும் பாதி வார்த்தைதான் வந்தது.

அப்பா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி இரண்டாகியிருந்தது, யாரும் சாப்பிட்டிருக்கவில்லை.

"சோறு" என்றார்.

எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. காது கேட்காதவனிடம் சொல்வது போல் கொஞ்சம் அதட்டலாக, "சோறு... போடு" என்றார்.

எழுந்து போய்ப் போட்டேன்.